ஆழம் தெரியாமல் கேமராவை விடாதே

ஜாதகத்தில் "தண்ணியில கண்டம்" என்று இருந்தால் வீட்டில் கிணற்றடிப் பக்கமே விடமாட்டார்கள். குளம், ஆறு, கடல் எல்லாவற்றுக்கும் தடை. திகில் படங்களில் வரும் பெண்களின் ஜாதகத்தைப் புரட்டினால் அத்தனை பேருக்கும் இந்தக் கண்டம் இருக்கும் போலிருக்கிறது. வீட்டில் பேய் இருப்பது தெரியும். ஊரில் கொலைகாரன் சுற்றுவது தெரியும். ஆனாலும் அம்மணி சாவகாசமாகக் குளிக்கப் போவார். குழாய் சொட்டும். கண்ணாடியில் ஆவி படியும். கையால் துடைப்பார். பின்னால் ஒரு உருவம். ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

இதற்குப் பெயர் டென்ஷனாம்!

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் காட்டினால் டென்ஷன் தானாக வந்துவிடும் என்பது சினிமாக்காரர்களின் சோம்பேறித்தனம். டென்ஷன் கணக்கில் இருக்கிறது. இன்னும் எவ்வளவு மூச்சு மிச்சம், கரை எவ்வளவு தூரம், யாருக்கு எது தெரியும், எது பறிபோகப் போகிறது... இந்தக் கணக்கைப் பார்வையாளன் கையில் முன்கூட்டியே கொடுத்த படம் ஜெயிக்கிறது. கொடுக்காத படம் நனைகிறது, அவ்வளவுதான். (பி.காம் படிக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்காகத்தான் தெரியும் என்று கிண்டல் செய்ய வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், ஹிட்ச்காக்கே என் கட்சிதான்.)

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் என்றாலே பயம்தான், தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. குளிக்கிறவர் கையில் ஆயுதம் கிடையாது, உடம்பில் துணி கிடையாது, கண்ணாடி போடுகிறவராக இருந்தால் பாதிப் பார்வையும் கிடையாது. ஷவர் சத்தத்தில் காலடி கேட்காது. உள்ளே தாழ் போட்டிருப்பதால் காப்பாற்ற வருகிறவனும் வெளியேதான் நிற்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் போனால் இன்னும் மோசம். கத்த முடியாது. எவ்வளவு உதைத்தாலும் கனவில் ஓடுகிற வேகம்தான். சத்தம் வரும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து என்று பிடிபடாது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. மூளை திணறுகிறது.

சரி, எல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் முதல். முதலைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தால் வியாபாரம் நடக்குமா? (நான் சொல்வது மூலதனம். நீரில் வாழும் பிராணி அல்ல.)

குளியலறைக் காட்சி என்றதும் எல்லோரும் சாட்சிக்கு அழைப்பது 1960ல் வந்த 'சைக்கோ'வை. நானும் அதையே அழைக்கிறேன். ஆனால் குறுக்கு விசாரணை உண்டு.

கத்தி, பிளாஸ்டிக் திரை, ஷவர், வீல் வீல் என்று அலறுகிற வயலின்கள். எல்லோருக்கும் நினைவிருப்பது இவ்வளவுதான். அதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விழிப்பார்கள். மேரியன் (ஜேனட் லீ), முதலாளி வங்கியில் போடச் சொல்லிக் கொடுத்த 40,000 டாலரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள். வழியில் 700 டாலர் கொடுத்துக் காரை மாற்றியிருக்கிறாள். இப்போது மோட்டல் அறையில் உட்கார்ந்து ஒரு தாளில் கழித்தல் கணக்குப் போடுகிறாள். 40,000 கழித்தல் 700, மிச்சம் 39,300. திரும்பிப் போய்விடுவது என்று மனம் மாறிவிட்டாள். செலவழித்ததை எப்படி ஈடுகட்டுவது என்பதுதான் அவள் கவலை. அந்தத் தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டு ஃபிளஷ் செய்கிறாள். அதற்குப் பிறகுதான் குளிக்கப் போகிறாள்.

கவனித்தீர்களா? உலக சினிமாவின் மிகப் பிரபலமான குளியல், ஒரு கணக்கை முடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது! முக்கால் மணி நேரமாக "மாட்டிக்கொள்வாளோ, மாட்டிக்கொள்வாளோ" என்று நகம் கடித்துக்கொண்டிருந்த நாம், அந்த நிமிடத்தில்தான் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறோம். முகத்தில் தண்ணீர் விழும்போது அவளுக்குப் பாவம் கழுவிய திருப்தி. நமக்கும்தான். சரியாக அப்போது திரைக்குப் பின்னால் கதவு திறக்கிறது. அதுவும் அவளுக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரிகிறது.

இந்த ஒரு காட்சிக்கு ஹிட்ச்காக் ஒரு வாரம் செலவழித்தார். 78 கேமரா கோணங்கள், 52 வெட்டுகள் என்று கணக்குச் சொல்வார்கள். இந்த இரண்டு எண்களையே தலைப்பாக வைத்து 2017ல் ஒரு ஆவணப்படமே வந்தது. கத்திக் குத்து நடப்பது முக்கால் நிமிடம். ரத்தம் என்று நாம் பார்த்தது சாக்லேட் சிரப். முதலில் இந்த இடத்தில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை எழுதிக்கொண்டு வந்து மனதை மாற்றினார். இதையெல்லாம் சினிமா மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் அந்த 39,300ஐ யாரும் ஒப்பிப்பதில்லை. படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு ஹிட்ச்காக் கண்டிஷன் போட்டார். விளம்பரத் தந்திரம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பக்கத்திலிருந்து கணக்கைப் படிக்காதவனுக்கு அந்த ஷவர் வெறும் ஷவர்தான்.

இதற்கு ஆதாரம் வேண்டுமா? ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்து பார்த்த மாதிரி ஒரு ஆதாரம் இருக்கிறது. 1998ல் கஸ் வான் சான்ட் 'சைக்கோ'வை மறுபடி எடுத்தார். ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் அதே படம். கலரில். ஜேனட் லீக்குப் பதில் ஆன் ஹேச். திருடிய பணம் மட்டும் விலைவாசிக்கு ஏற்ப 4 லட்சம் டாலர் ஆனது. அதே ஷவர், அதே திரை, அதே கத்தி, அதே ஹெர்மனின் இசை. விளைவு? மோசமான படங்களுக்குக் கொடுக்கிற ராஸி விருதுகளில் அவருக்கு மோசமான இயக்குநர் பட்டம். இத்தனைக்கும் அவர் சாதாரண ஆள் இல்லை, 'குட் வில் ஹண்டிங்' எடுத்தவர். அப்புறம் ஏன் இப்படி? பார்க்க வந்தவர்கள் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. எல்லோருக்கும் கதை தெரியும். முதல் ரீலிலிருந்தே "எப்ப குளிப்பா" என்றுதான் காத்திருந்தார்கள். தண்ணீரும் கோணமும் அப்படியே இருந்தன. பார்வையாளனின் கணக்கு மட்டும் காலி.

அசலை நகலெடுத்தவரின் கதி இது என்றால், அரைகுறையாக நகலெடுத்தவர்களைப் பற்றி என்ன சொல்ல? 'சைக்கோ'விலிருந்து ஒரு தலைமுறை இயக்குநர்கள் எடுத்துக்கொண்டது இரண்டே இரண்டு பொருள். ஒன்று, ஈரமான பெண். இன்னொன்று, கத்தி. இதைக் கிண்டல் செய்து 1981ல் பிரையன் டி பால்மா 'ப்ளோ அவுட்' படத்தைத் தொடங்கினார். மாணவிகள் விடுதி, ஷவர், கொலைகாரன் கத்தியை ஓங்குகிறான், அவள் கத்துகிறாள். கத்தலா அது? பூனை தும்மின மாதிரி இருக்கிறது. சட்டென்று வெட்டினால் நாம் ஒரு பிரிவியூ தியேட்டரில் இருக்கிறோம். ஒலிப்பதிவாளர் ஜான் டிரவோல்டா தலையில் கை வைத்துக்கொள்ளாத குறை. நாம் பார்த்தது மட்டமான ஒரு படத்துக்குள் வரும் காட்சி. அந்தப் படத்துக்கு நல்ல அலறல் ஒன்று வேண்டுமாம், அதைத் தேடுவதுதான் அவர் வேலை. இத்தனைக்கும் முந்தைய வருடம் வந்த 'டிரெஸ்டு டு கில்' படத்தை ஷவரில் ஆரம்பித்து ஷவரில் முடித்தவர் இதே டி பால்மாதான். சரக்கு விற்ற வியாபாரியே வந்து "இது கலப்படம்" என்று சொன்ன மாதிரி!

நான் இவ்வளவு கோபமாக எழுதக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த சில சீனியர்கள் ஒரு குறும்படம் எடுத்தார்கள். பன்னிரண்டு நிமிடப் படம். அதில் கதாநாயகி குளிக்கிற மாதிரி ஒரு காட்சி. நடிக்க ஒப்புக்கொண்ட தோழி ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அண்ணா, இந்த சீன்ல அவ எதுக்குக் குளிக்கிறா?" பதில் வந்தது: "டென்ஷனுக்கும்மா. ஹிட்ச்காக்கே பண்ணியிருக்காரு." அவள் மறுபடி கேட்டாள்: "அதே டென்ஷன் அவ துணி துவைச்சா வராதா?" அதற்குப் பதில் வரவில்லை. அவளுக்கு "டெடிகேஷன் இல்லை" என்று முடிவு கட்டி வேறு பெண்ணைத் தேடினார்கள்.

எனக்கு அவள் கேள்விதான் சரியான கேள்வி. அவ எதுக்குக் குளிக்கிறா? இதற்கு மேரியனிடம் பதில் இருக்கிறது. பெரும்பாலான படங்களிடம் இல்லை. பதில் இல்லாத இடத்தில் பெண்ணின் உடம்பை வைத்து ஓட்டையை அடைக்கிறார்கள். அதற்கு ஹிட்ச்காக் பெயரில் ரசீது வேறு போடுகிறார்கள். 'சைக்கோ'வில் அந்த உடம்பை எவ்வளவு குறைவாகக் காட்டினார்கள் என்று ஒரு முறை நிதானமாகப் போட்டுப் பாருங்கள். முகம், கை, தோள், கால், தண்ணீர் போகிற ஓட்டை, கண். மிச்சமெல்லாம் நம் மனம் வரைந்த படம்.

உடம்பே தேவையில்லை என்பதற்கு 'சைக்கோ'வுக்கும் ஐந்து வருடம் முன்னால் ஒரு பிரெஞ்சுப் படம் இருக்கிறது. ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ 1955ல் எடுத்த 'லே டயபோலிக்'. இதில் குளியல் தொட்டியில் கிடப்பது ஒரு ஆண். அதுவும் கோட்டு சூட்டோடு! கொடுமைக்காரப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். மயக்க மருந்து கொடுத்து அவனைத் தொட்டியில் அமுக்குகிறவர்கள் அவன் மனைவியும் (வேரா க்ளூஸோ) அவன் காதலியும் (சிமோன் சின்யோரே) சேர்ந்து. மனைவிக்கு இதயம் பலவீனம். இது நமக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. இப்போது கணக்கைப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் நிரம்புகிற சத்தம் பழைய வீட்டின் குழாய்கள் வழியே மாடிக்குப் போகிறது. மாடியில் குடியிருப்பவர்கள் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் யார் குளிக்கிறார்கள் என்று எரிச்சலாகிறார்கள். அவ்வளவுதான். குழாயைத் திறப்பது என்கிற அன்றாட வேலை ஒரு சாட்சியாக மாறிவிட்டது. தண்ணீர் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் மாட்டிக்கொள்கிற நொடி.

பிறகு பிணத்தைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் போடுகிறார்கள். குளம் முழுக்க அழுக்கும் இலையும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான், அது மிதந்து மேலே வரும்வரை காத்திருப்பது. ஒரு நாள் ஆகிறது. வரவில்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்க்கிறாள் மனைவி. நாமும் பார்க்கிறோம். கடைசியில் குளத்தை வடிகட்டுகிறார்கள். தண்ணீர் இறங்குகிறது, இறங்குகிறது, தரை தெரிகிறது. பிணம் இல்லை! தண்ணீர் இருந்தபோது இருந்த பயத்தைவிடத் தண்ணீர் போன பிறகு வருகிற பயம் பெரியது. ஒரு பெண்ணைக்கூட நனைக்காமல், ஒரு கத்தியைக்கூடக் காட்டாமல் இதைச் செய்திருக்கிறார்கள்.

அடியில் இருப்பதைக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. 1942ல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தைப் பாருங்கள். வால் லூட்டன் தயாரிப்பு, ழாக் தூர்னர் இயக்கம், சிக்கனமான பட்ஜெட். ஒரு பெண் தனியாக நீச்சல் குளத்துக்கு வருகிறாள். இருட்டில் ஏதோ உறுமுகிறது. பயத்தில் தண்ணீரில் குதித்துவிடுகிறாள். அதன் பிறகு திரையில் இருப்பது சுவரிலும் கூரையிலும் ஆடுகிற தண்ணீரின் வெளிச்சம், சில நிழல்கள், எதிரொலி. சிறுத்தையா, பிரமையா? நமக்கும் தெரியாது. இங்கே வேடிக்கை என்னவென்றால் தண்ணீர்தான் பத்திரமான இடம். பூனை தண்ணீரில் இறங்காது அல்லவா? நடுக் குளத்தில் கையைக் காலை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரைக்கு வந்தால் ஆபத்து, வராவிட்டால் கை ஓய்ந்துவிடும். இதுவும் கணக்குதான். சிக்கனமான படத்துக்கு இது கட்டுப்படியானது என்றால், "பட்ஜெட் இல்லை சார்" என்று சொல்கிறவர்கள் வேறு காரணம் தேட வேண்டும்.

'ஜாஸ்' (1975) படத்தில் சுறாவைப் பாதிப் படம் தாண்டிய பிறகுதான் ஒழுங்காகப் பார்க்கிறோம். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்ததால் ஸ்பீல்பெர்க் வேறு வழியில்லாமல் அதை மறைத்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். நான் ரசிப்பது வேறொரு நேர்மையை. ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு ஸ்வர இசை வந்தால் சுறா வருகிறது என்று அர்த்தம். இது படம் நம்மிடம் செய்துகொண்ட ஒப்பந்தம். நடுவில் இரண்டு பையன்கள் அட்டையில் துடுப்பு செய்து கடற்கரையையே பயமுறுத்துகிறார்கள். அப்போது அந்த இசை வராது! திரையில் இருக்கிற கூட்டம் ஏமாறுகிறது, ஆனால் படம் நம்மிடம் பொய் சொல்லவில்லை. இப்படிக் காசு காசாக நம்பிக்கையைச் சேர்த்துவிட்டு, பிற்பாதியில் ஒரு நாள் போலீஸ்காரர் படகின் பின்னால் இரை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, இசையே இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. தியேட்டரே துள்ளியது அதனால்தான். சேமித்தவன் செலவழித்தான். சேமிக்காமலே செலவழிக்கப் பார்க்கிறவர்கள்தான் நம் குளியலறைக் கண்ணாடி இயக்குநர்கள்.

இப்போது மூச்சு விஷயத்துக்கு வருவோம். அண்மை வருடங்களில் ஒரு புது வியாபாரம் ஆரம்பித்திருக்கிறது. நடிகர்கள் தண்ணீருக்கடியில் எத்தனை நிமிடம் மூச்சடக்கினார்கள் என்பதே படத்தின் விளம்பரம். 2015ல் 'மிஷன் இம்பாசிபிள்: ரோக் நேஷன்' வந்தபோது டாம் குரூஸ் 6 நிமிடம் மூச்சடக்கினார் என்று எல்லாப் பேட்டியிலும் சொன்னார்கள். 2022ல் 'அவதார்' இரண்டாம் பாகத்துக்காகக் கேட் வின்ஸ்லெட் 7 நிமிடம் 15 நொடி இருந்தார் என்றார்கள். உழைப்புக்கு ஒரு சல்யூட். ஆனால் டென்ஷனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 'அவதார்' படத்தில் வின்ஸ்லெட் நடித்தது கடலிலேயே வாழும் இனத்துப் பெண்ணாக. அந்த இனத்துக்கு நெடுநேரம் மூச்சடக்குவது சாதாரணம். அப்புறம் நாம் எதற்குப் பதற வேண்டும்? அந்த 7 நிமிடம் செய்தித்தாளில்தான் இருக்கிறது.

குரூஸ் படத்தில் அந்தக் காட்சி ஓரளவு வேலை செய்கிறது என்றால் அது 6 நிமிடத்தால் அல்ல. மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும், உலோகம் கூடாது என்பதால் ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது, உள்ளே போய் ஒரு கார்டை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் மேலே நண்பன் மாட்டிக்கொள்வான் என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். அதனால். 6 நிமிடம் விளம்பரத்தின் கணக்கு. 3 நிமிடம் கதையின் கணக்கு. பார்க்கிறவன் இரண்டாவதைத்தான் எண்ணுகிறான்.

மூன்று நிமிடத்தை வைத்து இதைவிடப் பெரிய வேலை செய்தது ஒரு ஸ்வீடிஷ் படம். 2008ல் தோமாஸ் ஆல்ஃபிரட்சன் எடுத்த 'லெட் தி ரைட் ஒன் இன்'. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டே இருக்கும் ஒரு பையன். முரடர்கள் அவனை நீச்சல் குளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். விதி சொல்லப்படுகிறது. 3 நிமிடம் மூச்சடக்கினால் சின்னக் கீறலோடு விட்டுவிடுவோம், முடியாவிட்டால் ஒரு கண் போய்விடும். தலைமுடியைப் பிடித்து அமுக்குகிறார்கள். கேமரா அவனோடு கீழே இறங்குகிறது. அங்கேயே நிற்கிறது. மேலே என்ன நடக்கிறது என்று பார்க்கப் போகவே இல்லை! மந்தமான சத்தம் மட்டும் கேட்கிறது. தலையைப் பிடித்திருக்கும் கை தெரிகிறது. பையன் முகம் தெரிகிறது. அவன் எண்ணுகிறானோ இல்லையோ, நாம் எண்ணுகிறோம். மேலே என்ன நடந்தது என்பது தண்ணீருக்குள் வந்து விழுகிற சில பொருள்களை வைத்துத்தான் தெரிகிறது. (என்ன பொருள் என்று சொல்லமாட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பார்க்க வேண்டாம்.) அந்தப் பையனாக நடித்தவன் நிஜத்தில் எத்தனை நிமிடம் மூச்சடக்கினான்? எனக்கு அக்கறையே இல்லை.

ஜேம்ஸ் கேமரூனே இதை ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்தார். 'தி அபிஸ்' (1989) படத்தில் கணவனும் மனைவியும் ஆழ்கடலில் பழுதான சிறு நீர்மூழ்கிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர் ஏறுகிறது. மூச்சுக் கருவியோடு உடை ஒன்று, ஆள் இரண்டு. தளம் நீந்திப் போகிற தூரத்தில் இருக்கிறது. மனைவி கணக்குப் போடுகிறாள்: நீ நன்றாக நீந்துவாய், உடை உன் மேலேயே இருக்கட்டும், நான் மூழ்கிவிடுகிறேன், இந்தக் குளிரில் உடம்பு உறைந்துபோவதால் தளத்தில் வைத்து என்னைப் பிழைக்க வைக்க வாய்ப்பு இருக்கிறது. சொல்லிவிட்டு அவன் கண் முன்னால் மூழ்குகிறாள். நெஞ்சு அடைக்கிற காட்சி இதுவா என்றால், இல்லை. அதற்குப் பிறகு தளத்தின் தரையில், தண்ணீரே இல்லாத இடத்தில், எட் ஹாரிஸ் அவள் நெஞ்சை அழுத்தி அழுத்தி எழுப்பப் பார்க்கிற சில நிமிடங்கள்தான். தண்ணீரில் வாங்கிய கடனுக்குத் தரையில் வட்டி கட்டுகிறோம்.

"யாருப்பா தியேட்டரில் உட்கார்ந்து இப்படிக் கணக்குப் போடுகிறான்? மக்கள் பயப்பட வருகிறார்கள், ஆடிட் செய்ய வரவில்லை" என்று ஒருவர் கேட்கலாம். போடுகிறான் சார். மூளை போடாவிட்டால் உடம்பு போடுகிறது. நல்ல நீரடிக் காட்சி ஓடும்போது பக்கத்து சீட்டுக்காரரைக் கவனியுங்கள். அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். திரையில் தலை மேலே வந்ததும் அவரும் விடுவார். திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளுவது வேறு. பின்னாலிருந்து யாராவது "பே" என்றாலும் துள்ளத்தான் செய்வோம். அதற்கு நூற்றைம்பது ரூபாய் டிக்கெட் எதற்கு? எங்கள் தெருப் பையன் இலவசமாகச் செய்வான்.

குளியல் காட்சியே கூடாது என்று நான் கொடி பிடிக்கவில்லை. 1984ல் வந்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தில் நான்ஸி தொட்டியில் கண் அயர்கிறாள். தண்ணீரிலிருந்து கத்தி விரல் கையுறை மெல்ல மேலே வருகிறது. அந்தப் படத்தின் விதி ஒன்றுதான்: தூங்கினால் சாவு. வெந்நீர் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பது நமக்குத் தெரியும். வெளியிலிருந்து அம்மாவும் தூங்கிவிடாதே என்று குரல் கொடுக்கிறாள். "அவ எதுக்குக் குளிக்கிறா" என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. 2000ல் வந்த 'வாட் லைஸ் பினீத்' படத்திலும் இருக்கிறது. மருந்தால் உடம்பு மரத்துப்போன மிஷெல் ஃபைஃபர் தொட்டியில் கிடக்கிறார், குழாய் திறந்திருக்கிறது, கண் மட்டும் அசைகிறது, தண்ணீர் அங்குலம் அங்குலமாக ஏறுகிறது. இங்கே கடிகாரமே தண்ணீர்தான்.

ஆகவே படம் எடுக்கப் போகிற நண்பர்களே, ஒரு சொட்டுத் தண்ணீரைக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் கேள்விக்குப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆள் ஏன் இப்போது தண்ணீரில் இருக்கிறார்? வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும்? அது எங்களுக்குத் தெரியுமா? பதில் இருந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும், பார்க்கிறவனின் தொண்டையைப் பிடித்துவிடலாம். இல்லையென்றால் கடலையே வாடகைக்கு எடுத்தாலும் பிரயோஜனமில்லை. தயவு செய்து அந்தப் பெண்ணைக் குளியலறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டுக் கதையை எழுத உட்காருங்கள்.

பி.கு: 'லே டயபோலிக்' முடிந்ததும், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள் என்று திரையிலேயே எழுத்துப் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். அதனால் வடிகட்டிய குளத்தோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை நீங்களே பாருங்கள். அதில் இன்னொரு குளியல் தொட்டி இருக்கிறது.